ஓரத்தில் நின்றவள்

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய புகைப்படங்களின் கண்காட்சி ஒன்று வைக்கிறோம், நீங்கள்தான் திறந்து வைக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். எழுத்தாளனுக்குச் சொந்த ஊரில் கிடைக்கிற மரியாதை பெரும்பாலும் இத்தகையதுதான். ரிப்பன் வெட்டச் சொல்வார்கள், துண்டு போர்த்துவார்கள், நான் எழுதியதைப் படித்தீர்களா என்று மட்டும் அவன் கேட்கக் கூடாது. ஆனாலும் இந்தக் கண்காட்சியைப் பற்றி என் காதில் விழுந்த செய்தி என்னை இழுத்தது. இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சிறு கூட்டம் கூடுகிறது. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களோடு ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர்; ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர்; எண்பது வயதைக் கடந்துவிட்ட பூக்காரப் பாட்டி ஒருவர். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, சங்கம் கிடையாது, ஒரு பெயர்ப் பலகை கூடக் கிடையாது. வீடு வீடாகப் போய்ப் பழைய போட்டோக்களைக் கேட்டு வாங்குகிறார்கள். வாசற்படிக்கு மேலே சாய்வாக மாட்டப்பட்டு, ஒட்டடையும் பல்லி முட்டையுமாக அறுபது ஆண்டு கிடந்த படங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் கூறைப் புடவைக்குக் கீழே இருந்த படங்கள். செல் அரித்து முகம் போய், நாற்காலிக் காலும் செருப்பும் மட்டும் மிஞ்சிய படங்கள். பிள்ளைகள் அவற்றைக் கைப்பேசியில் பிரதி எடுத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து, அன்று மாலையே உரியவர் வீட்டில் சேர்த்துவிடுகிறார்கள். பெரியவர்களுடைய வேலை பெயர் சொல்வது. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை. படத்தில் இருப்பவர் யார், எந்த வருஷம், எடுத்தவர் யார், எந்த வீட்டுப் படம் என்று நான்கே வரிகள்.

இளையவர்கள் கையில் காமிரா இருக்கிறது, பெயர் தெரியாது. முதியவர்களுக்குப் பெயர் தெரியும். கண் சரியாகத் தெரியாது. ஒருவரை விட்டு மற்றவரால் ஆகாத காரியம் இது. அதனால் அந்த நூலகத்தில் யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. இந்தக் காலத்தில் இளைஞரும் முதியவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் திருத்தாமல் இரண்டு மணி நேரம் பேசுவது என்பதே அபூர்வம் அல்லவா?

"தாத்தா, இந்த மீசைக்காரர் யாரு?" என்று ஒரு பையன் கேட்பான்.

"அவனா? 71-லே சண்டைக்குப் போனவன். மூணு மாசம் லெட்டர் வரலே. அவங்கம்மா தினம் என் சைக்கிளை மறிச்சு நிப்பா. ஒரு நாள் கார்டு வந்துது. நானே படிச்சுக் காட்டினேன்" என்பார் தபால்காரர். பையன் எழுதிக்கொள்வான். ஒரு மீசை அப்படியே ஒரு மனிதனாகிவிடும்.

இப்படி எழுதிக்கொண்டே வந்தவர்கள் ஒரு படத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

அது மேலத் தெருவில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணப் படம். 1967-ல் எடுத்தது. பந்தலுக்குள் மூன்று வரிசை. தரையில் ஜமக்காளத்தில் குழந்தைகள்; நாற்காலிகளில் மணமக்களும் சம்பந்திகளும்; பின்னால் நிற்பவர்கள். ஆகமொத்தம் இருபத்திரண்டு பேர். இருபத்தோரு பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. வலது ஓரத்தில், பந்தக்காலை ஒட்டினாற்போல், இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு ஒருத்தி நிற்கிறாள். படத்துக்காக நிறுத்தப்பட்டவள் அல்ல. எதற்கோ அந்தப் பக்கம் வந்து, எல்லாரும் எதையோ பார்க்கிறார்களே என்று தானும் பார்த்திருக்கிறாள். அவளுடைய ஒரு தோளும் ஒரு கையும் படத்துக்கு வெளியே போய்விட்டன. அவளுடைய பெயர் யாருக்கும் தெரியவில்லை.

அட்டைகளை எழுதிக்கொண்டிருந்த பெண் சரித்திரம் படிப்பவள், பத்தொன்பது வயதிருக்கும். 'பெயர் தெரியவில்லை' என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. படத்தைப் பூக்காரப் பாட்டியின் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றாள். பாட்டி நெடுநேரம் பார்த்தார்.

"இவ கீழத் தெருக்காரி. அந்த வீட்டுலே நெல்லுக் குத்துவா. பேரு மறந்துபோச்சு கண்ணு. ஆனா இடுப்புலே குந்தியிருக்கு பாரு, அது இருக்கே! பேரன் பேத்தி எடுத்துருச்சு. வாய்க்கா ஓரத்து வீடு."

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை அந்தப் பெண் அங்கே போனாள். நானும் உடன் போனேன்.

வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு அறுபதை ஒட்டிய வயது. விஷயத்தைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். ஒன்றும் பேசவில்லை. அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது தாயார் காய்ச்சலில் இறந்துபோனாராம். வீட்டில் படம் ஏதும் கிடையாது. தாயின் முகம் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு ஞாபகமில்லை. சற்று நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கம்மா மூக்குத்தி போட்டிருக்குதா பாப்பா?"

அந்தப் பெண் கைப்பேசியில் அந்த முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். இடது மூக்கில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெளிச்சம் இருந்தது. போட்டிருக்கிறார்.

பிறகு தயங்கித் தயங்கி, "பாட்டி, இதை நாளைக்கு மண்டபத்துலே மாட்டறோம். உங்கம்மா பேரையும் போட்டுடலாமா?" என்று கேட்டாள்.

அவர் பெயரைச் சொன்னார். ஆனால் மாட்டச் சம்மதிக்கவில்லை. கோபமாக மறுக்கவுமில்லை. "நானே இப்பத்தான் எங்கம்மாவைப் பாக்கறேன் பாப்பா. மொதல்லே நான் பாத்துக்கறேன். ஊரு பாக்கறதுக்கு என்ன அவசரம்?" என்றார்.

அன்று இரவு நூலகத்தில் பெரிய விவாதம் நடந்தது. எல்லாருடைய பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருந்ததுதான் சங்கடம்.

"ஊர் பாக்கணும் சார். அந்த வீட்டுக் குதிர் நிறைஞ்சது யாரு கையாலே? நாற்காலியிலே உக்காந்தவங்க படம் மட்டும் இருந்தா, அதுதானே சரித்திரம்னு ஆகிப்போகும்?" என்றான் ஒரு பையன்.

"தெரிய வேண்டியதுதான். ஆனா அதைத் தெரிவிக்க அந்த அம்மா முகத்தையே ஏன் கேக்கறே?" என்றார் தலைமையாசிரியை.

படத்துக்குச் சொந்தக்காரரும் வந்திருந்தார். நல்ல மனிதர். மணமக்களுடைய மூத்த மகன். "இது எங்க அப்பா அம்மா கல்யாணம். ரெண்டு பேரும் இன்னிக்கு இல்லே. எங்க வீட்டுப் படத்தை மாட்டறதுக்கு நான் யாரைக் கேக்கணும்?" என்றார். அதிலும் என்ன தப்பு?

யாரோ, "ஓரத்தை வெட்டிட்டாப் போச்சு" என்றார்கள்.

அட்டை எழுதுகிற பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். "ஏற்கெனவே பாதி வெட்டுப்பட்டு நிக்கறாங்க. மீதியையும் நாமளே வெட்டறதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கதை எழுதுகிறவனுக்குத் தர்ம நியாயம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை! காலையில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை.

சட்டத்தைக் கேட்டால் சுலபமாகப் பதில் சொல்லிவிடும். நம் நாட்டின் 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். கல்யாணப் படத்துக்குக் காசு கொடுத்தது பெரிய வீடு. ஆகவே உரிமை பெரிய வீட்டுக்கு. பந்தக்காலோரம் நின்றவளுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் சட்டத்துக்கு வேண்டியது, பொருள் யாருடையது என்பது. நமக்கு வேண்டியது, முகம் யாருடையது என்பதல்லவா?

முகத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுகிற வழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. வெள்ளைக்கார அரசாங்கம் 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது. 468 படங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். அவற்றிலும் படங்கள் உண்டு. எத்தனையோ படங்களுக்கு அடியில் இருப்பது சாதியின் பெயர் அல்லது கூட்டத்தின் பெயர். மனிதனுடைய பெயர் இல்லை. காமிராவுக்கு முன்னால் நின்றவன் ஒரு தகப்பனுக்கு மகன், ஒருத்திக்குக் கணவன், வீட்டில் அவனைக் கூப்பிட ஒரு பெயர் இருந்திருக்கும். புத்தகத்துக்கு அது தேவைப்படவில்லை. அவன் ஒரு மாதிரி, அவ்வளவுதான். 'நெல்லுக் குத்துகிறவள்' என்று நாங்கள் சொன்னதும் அதேதானே? வெள்ளைக்காரன் சாதியைச் சொன்னான். நாங்கள் வேலையைச் சொன்னோம். 'நாங்கள்' என்று எழுதுகிறேன்; மேலத் தெருவில் பிறந்தவன்தான் நானும்.

இன்னொரு படமும் அன்றிரவு கண்ணுக்கு முன்னால் வந்தது. உலகம் முழுவதும் தெரிந்த படம். 1936-ன் தொடக்கத்தில், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் நிபோமோ என்ற ஊரருகே, பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் கிடந்த கூலிகளின் முகாமில், டொரோதியா லாங்கே என்ற பெண்மணி எடுத்தது. அரசாங்கத்துக்காகக் கிராமத்து வறுமையைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர் அவர். கிழிந்த உடையில் ஒரு தாய். இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு குழந்தைகள். மடியில் ஒரு கைக்குழந்தை. தாயின் கை கன்னத்தோரம் இருக்கிறது. கண் எங்கோ தொலைவில் இருக்கிறது. பத்திரிகையில் செய்தி வந்ததும் அந்த முகாமுக்கு அரசாங்கம் 20,000 பவுண்டு எடை உணவுப் பொருள்களை அனுப்பியது. எத்தனையோ வயிறுகள் நிறைந்தன. ஆகவே அந்தப் படத்தைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உணவு வந்து சேர்ந்தபோது அந்தத் தாயும் குழந்தைகளும் அங்கே இல்லை; முன்பே புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங்கேயே 1960-ல் எழுதியிருக்கிறார். உலகம் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1978-ல்தான் அந்தத் தாய், பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன், அதைப் பற்றிப் பேசினார். படத்தை விற்க மாட்டேன் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். என்னை எடுக்காமல் இருந்திருக்கலாம். அதனால் எனக்கு ஒரு காசு கிடைத்ததில்லை என்ற கருத்தில் வருத்தப்பட்டார். சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை அவர்கள் விற்றுவிட்டதாக லாங்கே எழுதியிருந்தார். நாங்கள் டயர் விற்கவே இல்லை என்று அந்த அம்மாளின் மகன் பிற்காலத்தில் மறுத்தார். 1983-ல் அவர் நோயில் விழுந்தபோது, அந்தப் படத்தை நினைவில் வைத்திருந்த ஜனங்கள் 35,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள். அதே ஆண்டில் அவர் இறந்துபோனார். படம் அவருக்குக் கடைசியில் உதவவும் செய்தது. வாழ்நாளெல்லாம் வலிக்கவும் செய்தது. இரண்டும் உண்மைதான்.

இந்த டயர் விஷயம் என்னை ஏன் தூங்க விடவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நகரத்தில் நான் ஓர் அறையில் குடியிருந்தேன். அந்தச் சந்தின் முனையில் ஓர் அம்மாள் இட்லிக் கடை வைத்திருந்தார். கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார்; இரண்டு பிள்ளைகள். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். மாதக் கடைசியில் கடனாகவே சாப்பிட்டிருக்கிறேன். அவரை வைத்து ஒரு கதை எழுதினேன். பெயரை மாற்றினேன், சந்தை மாற்றினேன், மற்றதெல்லாம் அவர்தான். இரவில் பிள்ளைகள் தூங்கியபின் அடுப்பங்கரையில் உட்கார்ந்து அவள் அழுவதாகக் கதையை முடித்திருந்தேன். அதற்குப் பரிசு கிடைத்தது. என்னை நாலு பேருக்குத் தெரியவைத்த கதை அது.

சில வருஷங்களுக்குப் பிறகு அந்தப் பக்கம் போனபோது அவர் கடையில் சாப்பிட்டேன். இலையில் சட்னி வைத்துக்கொண்டே சொன்னார்: "உன் கதையைப் பெரியவன் படிச்சுக் காட்டினான் தம்பி. நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா நான் அழுததா எழுதிட்டியே. நான் அழலியே. அவரு போனன்னிக்கு ராத்திரி கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன், நாளைக்கு உளுந்துக்கு என்ன பண்றதுன்னு. என்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

இலையில் இருந்த இட்லி எனக்கு இறங்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் கூட நான் வாதாடியிருப்பேன். கற்பனைச் சுதந்திரம் என்றெல்லாம் பேசியிருப்பேன். அவர் சொன்னது அதுவல்ல. நீ எழுதியது பொய் என்றார். அவருடைய வாழ்க்கையில் எது பெரியதோ, எது அவருக்குப் பெருமையோ, அந்தக் கணக்கை விட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த கண்ணீரை அவர் கண்ணில் ஊற்றிவிட்டேன்.

கேட்பது மரியாதைக்காக என்றுதான் நாம் நினைக்கிறோம். செருப்பை வாசலில் கழற்றுவதுபோல ஒரு நாகரிகம் என்று நினைக்கிறோம். அது மட்டுமல்ல. கேட்காமல் எடுத்த படமும் கேட்காமல் எழுதிய கதையும் அநியாயமாக இருப்பதோடு, பல சமயங்களில் தப்பாகவும் இருக்கின்றன. ஏனென்றால் கேட்காதபோது நமக்குக் கிடைப்பது அவர்களுடைய துக்கம் அல்ல. அவர்களைப் பற்றி நமக்கு ஏற்கெனவே இருந்த எண்ணம்.

'கேட்டுக்கொண்டேயிருந்தால் உலகத்தில் எந்த அக்கிரமமும் வெளியே வராதே?' என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. அடிக்கிறவனைப் படமெடுக்க அடிக்கிறவனிடம் அநுமதி வாங்க வேண்டியதில்லை. அதிகாரத்தில் இருப்பவனுடைய செயல் ஊருக்குச் சொந்தம். ஆனால் அடிபட்டவனுடைய முகம் அவனுக்குச் சொந்தம். இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். பெரும்பாலும் அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனைத்தான் படமெடுக்கிறோம். அவன் மறுக்க மாட்டான் என்பது ஒரு காரணம்.

இதை யோசித்து ஒரு வழி கண்டவர்களும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், காரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரு பெண்கள், 62 கிராமத்துப் பெண்களின் கையில் காமிராவைக் கொடுத்தார்கள். உங்களைப் படமெடுக்க நாங்கள் வரவில்லை. உங்கள் வாழ்க்கையில் எதை மற்றவர் பார்க்க வேண்டுமோ அதை நீங்களே எடுங்கள் என்றார்கள். எடுத்தவர்களே உட்கார்ந்து படத்தின் கதையையும் சொன்னார்கள். பிறகு அமெரிக்காவில் பிளின்ட் என்ற கார்த் தொழில் நகரத்தில், இளம் பிள்ளைகள், அக்கம்பக்கத்துப் பெரியவர்கள், நகரத்தின் காரியங்களை முடிவு செய்கிறவர்கள் என்று எல்லாரும் காமிராவைத் தூக்கிக்கொண்டு தங்கள் நகரத்தைப் படமெடுத்தார்கள். அந்த அநுபவத்தை வைத்து வாங்கும் அவருடைய சகா ஒருவரும் 2001-ல் எழுதிய கட்டுரையில் நான்கு ஆபத்துகள் சொல்லப்படுகின்றன. ஒருவருடைய தனி வாழ்க்கைக்குள் புகுந்துவிடுவது. அவர் மறைக்க விரும்பியதை வெளியிட்டுவிடுவது. அவரைப் பற்றித் தப்பான எண்ணம் உண்டாக்குவது. அவர் முகத்தை வைத்துக் காசு பார்ப்பது. என் இட்லிக் கடைக் கதையை இந்த நான்கிலும் வைத்துப் பார்த்தேன். நான்கும் பொருந்தின. பரிகாரமும் அங்கே இருக்கிறது: எடுப்பதற்கு முன்னால் எழுத்து மூலம் சம்மதம் கேள்; எடுத்தபின் ஒரு பிரதியை அவர் கையில் கொடு. அப்படிக் கேட்டால் இயல்பான படம் கிடைக்காதே என்றால், கிடைக்காமல் போகட்டும். மனிதனை விடப் படம் பெரிதா?

ஜப்பானில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2011 மார்ச் 11-ஆம் தேதி கடல் பொங்கி ஊர்களை வாரிக்கொண்டு போனதே, அப்போது மியாகி மாவட்டத்தில் யாமமோட்டோ என்ற சிற்றூரில் சேற்றிலிருந்து ஏறக்குறைய 7,50,000 புகைப்படங்கள் கிடைத்தன. தொண்டர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, கணினியில் பதிவு செய்து, உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். நனைந்த படத்தை அப்படியே விட்டால், அதன்மேல் பூசியிருக்கிற ஜெலட்டினைக் கிருமிகள் தின்றுவிடும். முகம் கரைந்து போகும். அதற்கு முன்னால் கழுவியாக வேண்டும். வீடு போனவர்கள், மனிதர்களைப் பறிகொடுத்தவர்கள், அந்தப் படங்களுக்கு நடுவே குனிந்து தேடினார்கள். முதல் வேலை திருப்பிக் கொடுப்பது. உலகத்துக்குக் காட்டியதெல்லாம் பிறகுதான். அதிலும் முகம் அழிந்து, இன்னார் என்று அடையாளம் காண முடியாமல் போன படங்களைத்தான் வெளிநாடுகளில் கண்காட்சியாக வைத்தார்கள். 2004-ல் நம் நாகப்பட்டினத்துக் கரையில் எத்தனை வீடுகளின் படங்கள் கடலோடு போயினவோ என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். போனது காகிதம் அல்ல. 'அம்மா மூக்குத்தி போட்டிருந்தாளா?' என்ற கேள்விக்குப் பதில்.

விடிந்ததும் நூலகத்துக்குப் போனேன்.

"மாட்ட வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது" என்றேன். "அந்தப் படத்தில் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று அந்தத் தாயின் கதை. அது அவருடைய மகளுக்குச் சொந்தம். அவர் சொன்னால் கேட்போம், சொல்லாவிட்டால் விட்டுவிடுவோம். மற்றொன்று, இருபத்தோரு பேருக்குப் பெயர் சொன்ன ஊர் இருபத்திரண்டாவது பெயரை ஏன் மறந்தது என்ற கதை. அது நம்முடைய கதை. அதைச் சொல்ல அந்த அம்மாளின் அநுமதி வேண்டாம். அவருடைய தாயின் முகமும் வேண்டாம். நாம் மறந்ததற்கு அவள் வந்து சாட்சி சொல்ல வேண்டுமா?"

பையனுக்கு முழுத் திருப்தியில்லை. "அப்படீன்னா அந்த இடத்துலே ஒரு அட்டையாவது வைப்போம் சார். ஒரு படத்தை வேண்டாம்னு சொன்னதாலே வைக்கலேன்னு எழுதி" என்றான்.

தபால்காரர் சிரித்தார். "தம்பி, நாப்பது வருஷம் தபால் கொடுத்தவன் சொல்றேன் கேளு. திறந்த கார்டை ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். ஒட்டின கவரைத்தான் வெளிச்சத்துலே தூக்கிப் பிடிச்சுப் பாப்பான். அட்டை வெச்சியானா அரை மணியிலே ஊரே வாய்க்கா ஓரத்துலே நிக்கும்."

அட்டை வைக்கவில்லை.

பெரிய வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தோம். ஒரு மணி நேரத்தில் இன்னொரு படத்தோடு திரும்பி வந்தார். மணமக்கள் இருவர் மட்டும் நிற்கும் படம். "எழுத்தாளர் சொன்னதுக்காக இல்லே. எனக்கு எங்கம்மா படம் வீட்டுலே முப்பது இருக்கு. அதான்" என்றார். நான் இரவெல்லாம் புரண்டு யோசித்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

கண்காட்சி மூன்று நாள் நடந்தது. நல்ல கூட்டம். அவரவரும் தங்கள் வீட்டுப் படத்துக்கு முன்னால் நின்று கைப்பேசியில் மறுபடியும் படமெடுத்துக்கொண்டார்கள். நான் பேசியதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. துண்டு மட்டும் நல்ல துண்டு. புறப்படும்போது அந்தப் பெண்ணிடம், "உனக்கு வருத்தமா?" என்று கேட்டேன். "இல்லே சார். பேரு தெரிஞ்சுக்கிட்டேன். எங்க நோட்டுலே எழுதி வெச்சிருக்கேன். அவங்க எப்பக் கேட்டாலும் போடலாம், கேக்காட்டியும் பரவாயில்லே" என்றாள். பத்தொன்பது வயதில் எனக்கு இந்தப் பக்குவம் இருந்ததில்லை. அது படிப்பால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. வாரந்தோறும் முதியவர்கள் பெயர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எழுதிய பழக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

இதை எழுதுவதென்று தீர்மானித்தபின், ஒருமுறை பட்ட புத்தி போதும் என்று, எழுதியதை எடுத்துக்கொண்டு மறுபடியும் வாய்க்காலோரத்து வீட்டுக்குப் போனேன். படத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். பிள்ளைகள் கொடுத்த பிரதியில் தமக்கு வேண்டிய பாகத்தை மட்டும் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறார். மணமக்கள் இல்லை, நாற்காலிகள் இல்லை. தாயும் குழந்தையும் நடுவில் இருந்தார்கள். ஓரத்தில் சம்பந்தி வீட்டார் யாரோ ஒருவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது.

முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். ஊர்ப் பெயரும் தம் தாயின் பெயரும் வேண்டாம், மற்றபடி எழுதிக்கொள்ளலாம் என்றார். ஓர் இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார். வீட்டில் விட்டுவிட்டு வர ஆளில்லாமல் அந்தத் தாய் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தாள் என்று நான் எழுதியிருந்தேன்.

"ஆளில்லாம இல்லீங்க. எங்க ஆயா வீட்டுலேதான் இருந்துச்சு. கல்யாண வீட்டுலே பாயசம் போடுவாங்கன்னு எங்கம்மா என்னைத் தூக்கிட்டுப் போச்சாம். ஆயா சொல்லும்" என்றார்.

அந்த வரியை அடித்துவிட்டேன்.